இன்ஜின் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தால் ஓட்டும் சுகம் பொய்யாகிவிடுமா?

#1 ஆறாவதுகியர்

இரண்டு வருடமாக நான் ரசித்த சத்தம் என் காரின் எக்ஸாஸ்டிலிருந்து வரவே இல்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கார் இரண்டு லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். பாட்டுத் திரை அடிக்கடி உறைந்து நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயர் பியூஸைக் கழற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள் என்றார்கள், கழற்றினேன். மறுநாள் விடியற்காலையில் வழக்கமாகப் போகும் மலைப்பாதைக்குக் கிளம்பினேன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது, ஆனால் அந்த அடித்தொண்டை உறுமல் இல்லை. டயர் சத்தமும் காற்றுச் சீறலும் மட்டும் கேட்கிறது. சைலன்சரில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓரமாக நிறுத்தி, பின்னால் போய்க் குனிந்து குழாயைப் பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. திரும்ப ஏறிக் கிளம்புவதற்கு இண்டிகேட்டரைப் போட்டேன், டிக்-டிக் என்ற சத்தமும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. இண்டிகேட்டர் சத்தம் எங்கிருந்து வந்ததோ, இன்ஜின் உறுமலும் அங்கிருந்துதான் இத்தனை நாள் வந்திருக்கிறது.

ஏமாற்றப்பட்ட உணர்வு. நண்பர்களை உட்காரவைத்து "இந்தச் சத்தத்தைக் கேள்" என்று ஓட்டிக் காட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஆனால் கோபத்தோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மேலே ஏறும்போது இரண்டு முறை லிமிட்டரில் (இன்ஜின் அதற்கு மேல் சுற்றாமல் தடுக்கும் வரம்பில்) முட்டினேன். இந்த இரண்டு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. மூன்றாவது கியரில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு டவுன்ஷிப்ட் செய்யும்போது ரெவ் சரியாக ஏற்றாமல் கிளட்ச்சை விட்டுவிட்டு வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அதாவது அந்தச் சத்தம் போலியாக இருந்தாலும் என் காதும் காலும் அதை நம்பித்தான் வேலை செய்திருக்கின்றன. இதை எப்படி எடுத்துக்கொள்வது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 பழையரோட்ஸ்டர்

கோபம் நியாயமானது நண்பரே. என்னிடம் இருப்பது டர்போ இல்லாத பழைய இரண்டு இருக்கை வண்டி. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் ஒரு மூச்சு, பிறகு பின்னால் குழாயில் ஒரு கரகரப்பு, சுற்றுவேகம் நாலாயிரத்தைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே குரலாகிவிடும். சுமை தூக்குகிறவர் மூச்சு வாங்குவது போல, வேலை நடப்பதால் வரும் சத்தம் அது. வேலைக்கும் சத்தத்துக்கும் நடுவில் யாரும் இல்லை.

2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5இல் 4.4 லிட்டர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) இருக்கிறது. அத்தனை பெரிய இன்ஜினை வைத்துக்கொண்டு அதன் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் கொடுத்தார்கள். 2013இல் ரெனோ க்ளியோ ஆர்எஸ் ஒரு படி மேலே போனது. அதில் நிசான் ஜிடி-ஆர் சத்தம், பழைய ஆல்பைன் சத்தம் என்று திரையில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரு காரை வாங்கி அதை வேறொரு காரின் குரலில் பேசவைப்பதில் எனக்கு எந்தச் சுகமும் தெரியவில்லை. காருக்கு நல்ல குரல் இல்லை என்றால் இல்லாமலே இருக்கட்டும்.

#3 குழாய்மேஸ்திரி

வணக்கம். எனக்குத் தொழிலே எக்ஸாஸ்ட் குழாய் வளைப்பதும் வெல்டிங் செய்வதும்தான், இருபது வருடமாக. பழையரோட்ஸ்டர் அண்ணன் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிப் பாதிக்கு இல்லை. "நடுவில் யாரும் இல்லை" என்றீர்கள். அண்ணா, நடுவில் என்னை மாதிரி ஒருவன் எப்போதும் இருக்கிறான்.

மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் பகுதி) குழாயைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து கேட்டிருக்கிறீர்களா? காதுக்குப் பக்கத்தில் வெடி வெடிப்பது போல இருக்கும், அதில் சுருதி என்று எதுவும் இருக்காது. அதைக் காது ஏற்றுக்கொள்ளும் குரலாக மாற்றுவது குழாயின் நீளம், விட்டம், எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் அறை வைத்திருக்கிறது, உள்ளே என்ன பஞ்சு அடைத்திருக்கிறது என்பதெல்லாம்தான். உங்களிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5ஆக இருந்தால் (அப்படித்தான் தெரிகிறது), 1989இல் அது வருவதற்கு முன்னால் அந்தக் குழுவினர் எக்ஸாஸ்ட் மாதிரிகளைச் செய்து செய்து கேட்டுத்தான் அந்தக் கரகரப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். தானாக வந்தது கிடையாது.

அடிப்படைக் கணக்கு எளிது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நாலு சிலிண்டர் 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) ஓடினால் வினாடிக்கு 200 வெடிப்பு, அதாவது 200 ஹெர்ட்ஸ். வி10 ஒன்று 9000இல் ஓடினால் 750 ஹெர்ட்ஸ். நாலு சிலிண்டர் முக்கி முனகும் இடத்தில் வி10 பாடுவது இதனால்தான். அதற்கு மேல், வெடிப்புகள் சீராக வருகிறதா, தாளம் தப்பி வருகிறதா என்பது அடுத்த விஷயம். அமெரிக்க வி8களில் பெரும்பாலும் கிராஸ்-பிளேன் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின் முழங்கைகள் சிலுவை போல இருக்கும். ஒரு பக்கத்து நாலு சிலிண்டரை மட்டும் எடுத்தால் வெடிப்பு இடைவெளி 90 டிகிரி, 180, 270 என்று மாறி மாறி வரும். அந்தத் தள்ளாட்டம்தான் நமக்குக் 'குபுகுபு' என்று கேட்கிறது. ஃபெராரி 458இல் பிளாட்-பிளேன் கிராங்க் (முழங்கைகள் ஒரே தளத்தில்), ஒவ்வொரு பக்கமும் சீராக 180 டிகிரிக்கு ஒருமுறை. அதனால் 9000இல் அது கூவும். இரண்டும் வி8தான், சிலிண்டர் எண்ணிக்கையும் ஒன்றுதான், குரல் மட்டும் வானத்துக்கும் பூமிக்கும்.

சத்தத்தைச் சேர்ப்பதைவிட எடுப்பதுதான் என் தொழிலில் கஷ்டம். ஒருவர் நாலு சிலிண்டர் வண்டிக்குப் பெரிய விட்டக் குழாய் போட்டுக்கொண்டு வந்தார். வெளியே அருமையான சத்தம், ஆனால் 2500 ஆர்பிஎம்மில் ஒரே வேகத்தில் போனால் உள்ளே மண்டைக்குள் வண்டு குடைவது போல ஒரு 'ம்ம்ம்ம்'. கணக்குப் போட்டால் 83 ஹெர்ட்ஸ், கார் கூண்டுக்குள் அந்த அலைவரிசை போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது. அதற்கு மருந்து ஒரு மூடிய கிளைக் குழாய். வாயு 300 டிகிரி செல்சியஸில் இருந்தால் அதில் ஒலி வினாடிக்குச் சுமார் 480 மீட்டர் போகும். கால் அலை நீளம் என்று பார்த்தால் ஏறக்குறைய 1.45 மீட்டர் குழாய் வேண்டும். குழாயை வளைத்து அடியில் இடம் கண்டுபிடித்துப் பொருத்தி, முனை மூடியை முதலில் முழுசாக வெல்டு செய்யாமல் நாலு புள்ளி மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். சத்தம் 2600க்கு நகர்ந்திருந்தது. மூடியை வெட்டி எடுத்து மூன்று விரல்கடை குறைத்து மறுபடி ஓட்டினோம். மூன்றாவது தடவை அந்த 'ம்ம்ம்' போன இடம் தெரியவில்லை. இறங்கி வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தலைவலி விட்டவர் முகம்.

இதுவும் செய்யப்பட்ட சத்தம்தானே? புல்லாங்குழலில் துளை போடுகிறவர் இடம் பார்த்துத்தானே போடுகிறார்?

#4 ஆறாவதுகியர்

மேஸ்திரி அண்ணா, இத்தனை விவரமாக எழுதியதற்கு நன்றி. 1.45 மீட்டர் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ள மறுக்கிறது. நீங்கள் வளைத்த குழாயில் போவது உண்மையான வாயு. என் காரில் வந்தது பதிவு செய்த சத்தம். அப்படியானால் கோடு எங்கே இருக்கிறது? குழாய் வரைக்கும் சரி, ஸ்பீக்கர் வந்தால் தப்பு, அவ்வளவுதானா?

#5 அலைவரிசை

நான் கார் ஒலி வடிவமைப்பில் வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பலரும் "பதிவு செய்த சத்தம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதிலிருந்து தொடங்குகிறேன்.

பெரும்பாலான கார்களில் யாரும் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து அப்படியே ஒலிக்கவிடுவதில்லை. இன்ஜின் சுற்றுவேகம், பெடல் நிலை, இன்ஜின் மேல் இருக்கும் சுமை, இவற்றைக் காரின் உள் தகவல் இணைப்பிலிருந்து எடுத்து, அந்தச் சுற்றுவேகத்தின் மடங்குகளாக இருக்கும் சுரங்களை அந்தந்தக் கணத்தில் உருவாக்குகிறோம். நாலு சிலிண்டரில் இரண்டாம் மடங்குதான் ஆதாரம், மேஸ்திரி சொன்ன 200 ஹெர்ட்ஸ் அதுதான். அதோடு நாலாம் மடங்கு, ஆறாம் மடங்கு சேரும். நடுவில் இரண்டரை, மூன்றரை என்ற அரை மடங்குகளைக் கொஞ்சம் தூவினால் கரகரப்பு வரும்.

ஏன் இதெல்லாம் தேவைப்பட்டது என்று கேட்பீர்கள். மூன்று காரணம், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. டர்போவின் சக்கரம் வெளியேறும் வாயுவின் துடிப்பை வாங்கித்தான் சுழல்கிறது, குரலில் பாதி அங்கேயே போய்விடும். 2018 வாக்கில் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கும் துகள் வடிகட்டி வந்தது. அது சைலன்சருக்கு முன்னால் இன்னொரு சைலன்சர் மாதிரி. மூன்றாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 540/2014 விதி. சாதாரண கார் ஒன்று கடந்து போகும்போது வரும் சத்தத்தின் வரம்பு 2016இல் 72 டெசிபல், பிறகு 70, 2024 முதல் புதிய வகைக் கார்களுக்கு 68. நாலு டெசிபல்தானே என்று தோன்றும், ஒலி ஆற்றலில் அது பாதிக்கும் கீழே. வேகமான கார்களுக்குச் சற்றுக் கூடுதல் வரம்பு உண்டு, அதுவும் இறங்கிக்கொண்டேதான் வருகிறது. வெளியே சத்தம் போகக்கூடாது, உள்ளே இருப்பவருக்குச் சத்தம் வேண்டும். அதற்கு நடுவில்தான் எங்கள் வேலை.

இனி கோடு எங்கே என்ற கேள்வி. ஒரே கோடு இல்லை, படிகள் இருக்கின்றன. டொயோட்டா ஜிடி86இல் இன்டேக்கிலிருந்து ஒரு குழாய் கேபின் சுவருக்கு வரும், நடுவில் ஒரு சவ்வு. போர்ஷே 911இலும் (991 வரிசை) அதே தத்துவம்தான். அங்கே ஸ்பீக்கரே கிடையாது, இன்ஜின் மூச்சை உள்ளே வழிகாட்டி அழைத்து வருகிறார்கள். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயில் முன்கண்ணாடிக்குக் கீழே, இன்ஜின் பக்கச் சுவரில் ஓர் அதிர்வுப் பெட்டி. அது காரின் உடம்பையே ஸ்பீக்கர் கூம்பாக்கிவிடும். அடுத்த படி, கேபின் ஸ்பீக்கர்கள். கடைசிப் படி, இன்ஜினே இல்லாத காரில் இன்ஜின் சத்தம்.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஓட்டுகிறவருக்கு அது எந்தப் படி என்பதைவிட, சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பது முக்கியம். சில கார்களில் சத்தத்தைப் பெடலோடு கட்டிவிடுகிறார்கள். காலை வைத்தவுடன் உறுமும், ஆனால் டர்போ இன்னும் அழுத்தம் ஏற்றவில்லை, இழுவை வர அரை வினாடியாவது ஆகும். காது "வந்துவிட்டது" என்கிறது, முதுகு "இல்லை" என்கிறது. அந்தப் பிளவுதான் போலித்தனமாகப் படுவது. சத்தத்தை உண்மையான சுமையோடு கட்டினால், அழுத்தம் ஏற ஏறக் குரலும் தடிக்கும், காதும் முதுகும் ஒன்றையே சொல்லும். நான் சரிசெய்த ஒரு காரில் இந்த மாற்றத்துக்காக மட்டும் பல வாரம் சண்டை போட்டேன். உடனே உறுமினால்தான் காட்சியறையில் வாங்குகிறவருக்குப் பிடிக்கும் என்பது எதிர்த்தரப்பு வாதம். வளைவில் ஓட்டுகிறவருக்கு அது பொய்த் தகவல் என்பது என் வாதம். இன்றைக்கும் அதே வாதம்தான்.

ஆறாவதுகியர், உங்கள் கால் அந்தச் சத்தத்தை நம்பியது தப்பில்லை. சுற்றுவேகத்தைப் பொறுத்தவரை அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

#6 பழையரோட்ஸ்டர்

அலைவரிசை சார், படித்தேன், இரண்டு முறை. பெடல்-சுமை வித்தியாசம் எனக்குப் புதிது. வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஒரு டர்போ காரில் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றியதற்குப் பெயர் இப்போது கிடைத்தது.

செய்யப்பட்ட சத்தம் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. லெக்ஸஸ் எல்எஃப்ஏவை எடுத்துக்கொள்ளுங்கள். 4.8 லிட்டர் வி10, யமஹாவோடு சேர்ந்து செய்தது. இன்டேக் தொட்டியின் வடிவம், விலா எலும்பு போல அதில் வரும் கோடுகள் எல்லாம் ஒலியை மனதில் வைத்துச் செய்தவை. அங்கிருந்து கேபினுக்கு வழியும் வைத்தார்கள். ஐட்லிங்கிலிருந்து 9000க்கு 0.6 வினாடியில் ஏறும், முள் வைத்த மீட்டரால் கூடவே ஓட முடியாது என்று திரை மீட்டர் வைத்தார்கள். 500 கார்தான் செய்தார்கள். கார்டன் மர்ரேயின் டி.50இலும் அதே பக்தி: 12,100 ஆர்பிஎம் போகும் வி12, தலைக்கு மேல் காற்று இழுக்கும் கார்பன் கூரையின் தடிமனைக்கூட ஒலிக்காகக் கூட்டிக் குறைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் ஒன்றுகூட அந்த வேலையில் இல்லை.

இதில் நான் பார்ப்பது என்னவென்றால், இன்ஜின் மௌனமானால் அந்தச் சத்தமும் நின்றுவிடும். ஒரு சிலிண்டர் தவறினால் சத்தமும் தவறும். உங்கள் ஸ்பீக்கர் சத்தம் ஒரு சிலிண்டர் செத்தாலும் அதே கம்பீரத்தோடு உறுமுமே? அது உறுத்தவில்லையா?

#7 மின்னோட்டம்

நான் ஓட்டுவது மின்சார கார், மூன்று வருடமாக. முதல் ஆறு மாதம் நிசப்தம் சொர்க்கமாக இருந்தது. நெடுஞ்சாலையில் இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் வளைந்து நெளிந்து போகும் சாலையில் எனக்கு ஒரு பிரச்சினை வந்தது. எவ்வளவு வேகத்தில் வளைவுக்குள் போகிறேன் என்பது உடம்புக்குத் தெரியவில்லை. மீட்டரைப் பார்த்தால்தான் தெரிகிறது, மீட்டரைப் பார்க்கும் நேரத்தில் சாலையைப் பார்க்கவில்லை.

ஹூண்டாய் ஐயோனிக் 5 N என்ற மின்சார கார் ஒருநாள் ஓட்டக் கிடைத்தது. 2023இல் வந்த கார், உச்சத்தில் 650 குதிரைத்திறன். கியரே இல்லாத அதில் எட்டு கியர் இருப்பது போலச் செய்திருக்கிறார்கள். மாற்றும்போது இழுவை விட்டுப் பிடிக்கும், மாற்றாமல் விட்டால் லிமிட்டரில் முட்டுவது போல மோட்டார் தன் இழுவையை நிறுத்தும், சத்தமும் அதோடு ஓடும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத்தான் ஏறினேன். நாலாவது வளைவில் மீட்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். "மூன்றில், நடு ரெவ்வில் இருக்கிறேன், இது எனக்குத் தெரிந்த வேகம்" என்று உடம்பு தானே சொல்லிவிட்டது. கியர் என்பது வேகத்தை அளக்கும் படிக்கட்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதே காரில் சத்தத்தை மட்டும் வைத்து, கியர் வேடத்தை அணைத்தும் ஓட்டினேன். அது வெறும் அலங்காரமாகப் பட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

இன்னொன்று. 2025இல் ஃபெராரி தன் முதல் மின்சார காரின் உள்கட்டமைப்பைக் காட்டியபோது, மோட்டார் பகுதியின் உண்மையான அதிர்வைச் சென்சாரால் எடுத்து, எலக்ட்ரிக் கிதார் போலப் பெருக்கிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பழையரோட்ஸ்டர் கேட்ட கேள்விக்கு அது ஒரு பதிலாக இருக்கலாம். மோட்டாரில் ஏதாவது மாறினால் சத்தமும் மாறும் அல்லவா?

#8 ஜன்னலோரம்

கார் ஆர்வம் எனக்கும் உண்டு, இழையை முதலிலிருந்து படித்தேன். ஆனால் வெளியே இருக்கிறவர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை.

எங்கள் தெருவில் ஒரு கார் தினமும் பின்னிரவில் வரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் படபடவென்று வெடிக்கும். கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் அது என்ன செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வெடிப்பால் கார் வேகமாகப் போவதும் இல்லை. எனக்கு ஸ்பீக்கர் சத்தத்தின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. உள்ளே இருப்பவர் உள்ளேயே கேட்டுக்கொள்ளட்டும், எவ்வளவு வேண்டுமானாலும்.

#9 குழாய்மேஸ்திரி

ஜன்னலோரம் சொல்வது நூற்றுக்கு நூறு. அந்தப் படபடப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் போடுகிறவர்களே யோசிப்பார்கள். காலை எடுத்ததும் நிறுத்த வேண்டிய பெட்ரோலை நிறுத்தாமல் விட்டு, தீப்பொறியை வேண்டுமென்றே தாமதமாகக் கொடுத்தால், எரிய வேண்டியது சிலிண்டரை விட்டு வெளியே வந்து குழாயில் எரியும். ராலி கார்களில் டர்போவைச் சுழலவிட இதன் முரட்டு வடிவம் பயன்படும், அங்கே காரணம் இருக்கிறது. தெருக் காரில் அந்தச் சூடு நேராக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் உருகி ஒட்டிக்கொண்டு அடைத்த நிலையில் கழற்றியிருக்கிறேன், ஒருமுறை இல்லை, பல முறை. தொழிற்சாலையிலேயே அளவாகச் செய்து வருகிற கார்கள் வேறு, லேப்டாப்பை வைத்து அரை மணி நேரத்தில் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிற அமைப்பு (மேப்) வேறு. பின்னதை நான் செய்துகொடுப்பதில்லை. கேட்டு வருகிறவர்களுக்குத் திறந்து மூடும் வால்வு வைத்த சைலன்சர் போட்டுத் தருகிறேன். தெருவுக்குள் வந்தால் மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பழையரோட்ஸ்டர் கேட்ட "ஒரு சிலிண்டர் செத்தாலும் உறுமுமே" என்ற கேள்விதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. நான் பாதி நோயைக் காதால்தான் பிடிக்கிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக்-டிக்-டிக் என்று தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம் வரும், ஆக்சிலரேட்டரில் காலை வைத்தால் கூடும், ஐந்து பத்து நிமிடத்தில் இன்ஜின் சூடானதும் மறைந்துவிடும். மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் காஸ்கெட் கசிகிறது, அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (திருகுத் தண்டு) உடைந்திருக்கிறது என்று அர்த்தம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் சத்தம் நிற்கும். விட்டுவிட்டால் அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போய் ஆக்ஸிஜன் சென்சாரைக் குழப்பும், அது பெட்ரோலைத் தேவைக்கு மேல் ஊற்றச் சொல்லும். இதையெல்லாம் மறைக்கிற அளவுக்கு உள்ளே ஸ்பீக்கர் கத்தினால் அது எனக்குச் சம்மதம் இல்லை.

#10 அலைவரிசை

மேஸ்திரி, பழையரோட்ஸ்டர், இருவரும் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். எங்கள் முறைக்குச் சுற்றுவேகமும் சுமையும் தெரியும், காஸ்கெட் தெரியாது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதிர்வை நேராக எடுத்துப் பெருக்கும் வழியில் நாங்களும் இன்னும் முயல வேண்டும்.

ஆறாவதுகியர், பியூஸை முழுதாகக் கழற்றி வைக்காதீர்கள், எச்சரிக்கை மணிகளும் அதில்தான் போகும். உங்களைப் போன்ற கார்களில் தனிப்பயன் முறை என்று ஒன்று இருக்கும். அதில் ஸ்டியரிங், பெடல் எல்லாம் ஸ்போர்ட்டில் வைத்து, இன்ஜின் ஒலியை மட்டும் கம்ஃபர்ட்டில் வைக்கலாம். இரண்டு வாரம் ஓட்டுங்கள். முடிந்தால் பாதுகாப்பான, காலியான இடத்தில் ஆர்பிஎம் மீட்டரை மறைத்து, காதை மட்டும் நம்பிக் கியர் மாற்றிப் பாருங்கள். இரண்டு முறையிலும்.

#11 ஆறாவதுகியர்

மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். சொன்னதை எல்லாம் செய்தேன்.

பியூஸைத் திரும்பப் போட்டேன். தனிப்பயன் முறை இருந்தது, மூன்றாவது மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. பந்தயத் தடத்தின் பொது ஓட்ட நாள் ஒன்றில், நீளமான நேர்ப்பகுதியில் ஆர்பிஎம் மீட்டர் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். பக்கத்து இருக்கையில் நண்பன், கையில் இன்ஜின் சுற்றுவேகத்தைக் காட்டும் ஓபிடி கருவியோடு. 6000இல் மாற்ற வேண்டும் என்பது இலக்கு. ஸ்பீக்கர் ஒலியோடு மாற்றியபோது 5800க்கும் 6200க்கும் நடுவில் விழுந்தது, கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும். ஒலியைக் குறைத்ததும் 5300இல் ஒன்று, 6500இல் ஒன்று என்று சிதறியது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அலைவரிசை சார் பக்கம் சாய்ந்துதான் வந்தேன்.

ஆனால் ஒலியைத் திரும்ப ஏற்றாமல் தினமும் அப்படியே ஓட்டினேன். முதல் நாலைந்து நாள் வெறுமையாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, இத்தனை நாள் அடியில் புதைந்து கிடந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தன. 2000க்கு மேல் டர்போவின் மெல்லிய விசில், காலை எடுத்ததும் அழுத்தம் வெளியேறும் 'புஸ்', 5000ஐத் தாண்டும்போது இன்டேக் பக்கம் மாறும் ஒரு வறண்ட குரல். அந்த வறண்ட குரல் தொடங்கி ஒரு மூச்சு எண்ணினால் 6000. இரண்டாவது வாரக் கடைசியில் அதே தடத்தில், அதே டேப், அதே நண்பன். 5700க்கும் 6200க்கும் நடுவில் விழுந்தது. உறுமல் இல்லாமலே.

இன்னொரு விஷயம், மேஸ்திரி அண்ணாவுக்கு. பத்தாவது நாள் காலை, மதில் சுவரை ஒட்டி வண்டியை எடுக்கும்போது ஜன்னல் வழியாக டிக்-டிக்-டிக் என்று கேட்டது. இந்த முறை இண்டிகேட்டர் இல்லை. சாலைக்கு வந்து காலை வைத்தேன், கூடியது. எட்டு நிமிடம் போனதும் நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. வண்டி முழுதாக ஆறியபிறகு பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலாவது சிலிண்டருக்குப் பக்கத்தில், மேனிஃபோல்டு சேரும் இடத்தில் விசிறி விரித்தது போலக் கரி படிந்திருக்கிறது. அந்த இடத்தில் இருக்க வேண்டிய ஸ்டட்டில் நட்டு இல்லை, முறிந்த முனை மட்டும் தெரிகிறது. எத்தனை மாதமாக இப்படி இருந்ததோ தெரியவில்லை.

படம் எடுத்து வைத்திருக்கிறேன். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் ஸ்டட்டை எடுக்க வழி இருக்கிறதா அண்ணா?

#12 குழாய்மேஸ்திரி

முனை வெளியே தெரிகிறது என்றால் பயம் இல்லை தம்பி. அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டு செய்தால், அந்தச் சூட்டிலேயே பிடி தளர்ந்து திரும்பி வந்துவிடும். நீங்களே ஈஸி-அவுட் (முறிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி) போட்டுத் திருகப் போகாதீர்கள், அது உள்ளே முறிந்தால் துளை போடவும் முடியாது. மற்ற ஸ்டட்டுகளும் அதே வயதுதான், அத்தனையும் மாற்றிவிடுங்கள், காஸ்கெட் புதுசு. மேனிஃபோல்டு கழன்றிருக்கும்போது அதன் முகத்தில் நேர்க்கோல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் இழைத்துத்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் அதே ஸ்டட் மறுபடி போகும்.

படத்தைப் போடுங்கள், பார்க்கிறேன்.